தலைமுடியில் கால் பங்கு: காபி கிரைண்டரின் பர் அலைன்மென்ட்

கிரைண்டர் என்றதும் நம் வீடுகளில் நினைவுக்கு வருவது இட்லி மாவுதான். அங்கே கல்லோடு கல் உரச வேண்டும், உரசாவிட்டால் மாவு காணாது. காபிக்கொட்டை அரைக்கும் கிரைண்டரில் கதை தலைகீழ். அதற்குள் இருக்கும் இரண்டு எஃகு வட்டுகளும் ஒன்றையொன்று தொடவே கூடாது. தொடாமலும் வேண்டும், சுற்றிலும் ஒரே இடைவெளியும் வேண்டும், அந்த நிலையில் நிமிடத்துக்கு ஆயிரம் சுற்றுக்கு மேல் ஓடவும் வேண்டும். இந்தப் பல் வைத்த வட்டுக்குப் பெயர் பர். இடைவெளியைச் சுற்றிலும் ஒரே அளவாக்கும் வேலைக்குப் பெயர் அலைன்மென்ட்.

எண்ணில் பார்த்தால் இதன் அருமை தெரியும். அழுத்தத்தில் இறக்கும் கெட்டிக் காபியான எஸ்பிரெஸ்ஸோவுக்கு அரைக்கும்போது தட்டை பர்களின் வெளிவிளிம்பில் இருக்கும் இடைவெளி, ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒன்றிரண்டு பங்குதான். 150 மைக்ரான் என்று வைத்துக்கொள்வோம். ஆயிரம் மைக்ரான் ஒரு மில்லிமீட்டர். ஒரு பர் 50 மைக்ரான் சாய்ந்து உட்கார்ந்திருந்தால் ஒரு பக்கம் 125, எதிர்ப்பக்கம் 175. அகலமான பக்கமாக வெளியேறுவது குருணையாக விழும், குறுகலான பக்கமாக வெளியேறுவது மாவாக விழும். இரண்டும் கலந்த 18 கிராம் தூளில் மாவு கசக்கும், குருணை புளிக்கும். கொட்டையைக் குறை சொல்லிப் பயனில்லை.

சாய்வு இன்னொரு தொல்லையும் தரும். நெருக்கிக்கொண்டே போனால் மேடான இடம் முதலில் முட்டிக்கொள்ளும். மற்ற இடங்களில் இன்னும் இடைவெளி இருந்தாலும் அதற்கு மேல் நெருக்க முடியாது. அரவை அளவின் கடைசிக் கோடு வரை வைத்தும் 36 கிராம் ஷாட், அதாவது ஒரு முறை இறக்கும் எஸ்பிரெஸ்ஸோ, 15 நொடியில் ஓடிவிடுகிறது என்றால், முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான்.

மனிதத் தலைமுடி ஏறக்குறைய 70 மைக்ரான் தடிமன். சமையலறை அலுமினியம் ஃபாயில் 10 முதல் 20 மைக்ரான்; பல பிராண்டுகள் பெட்டியிலேயே போட்டிருப்பார்கள். சாய்ந்த பரின் அடியில் ஃபாயில் துண்டு வைத்து நிமிர்த்தப்போகிறோம்; கீழே சொல்லப்போகும் வேலை முழுவதும் இந்த இரண்டு எண்களுக்குள் நடப்பது.

காசு எங்கே போகிறது

ஜெர்மனியின் மால்கோனிக் ஈகே43, 98 மி.மீ. பர் கொண்ட கடை எந்திரம். 2013இல் மெல்போர்னில் நடந்த உலக பரிஸ்டா போட்டியில் மேட் பெர்கர் அதில் எஸ்பிரெஸ்ஸோவுக்கு அரைத்து இரண்டாம் இடம் பெற்றார். அதன் பிறகு பெரிய தட்டை பர் மீது உலகம் முழுக்க ஒரு மோகம் பிறந்தது. வீட்டுக்கான எந்திரங்களும் வரிசையாக வந்தன. வெபர் வொர்க்‌ஷாப்ஸ் ஈஜி-1இல் 80 மி.மீ. பர். ஆப்ஷன்-ஓ நிறுவனத்தின் லகோம் பி64இல் 64 மி.மீ. பர். கஃபாடெக்கின் மோனோலித் வரிசையும் உண்டு. எல்லாமே லட்ச ரூபாயைத் தாண்டுபவை. கீழ்ப்படியில் அதே 64 மி.மீ. அளவில் டிஎஃப்64 இருக்கிறது.

கொரியாவின் எஸ்எஸ்பி செய்யும் 64 மி.மீ. பரை டிஎஃப்64இலும் மாட்டலாம், பி64இலும் மாட்டலாம். பர் ஒன்றே. அது உட்காரும் தளம், சுழற்றும் தண்டு, தண்டைப் பிடிக்கும் பேரிங், மேல் பரை ஏற்றி இறக்கும் மரை ஆகியவைதான் வேறு. விலை வித்தியாசத்தில் ருசிக்கு உதவும் பங்கு பெரும்பாலும் இந்த நான்கில்தான் இருக்கிறது. விலை உயர்ந்த பரை வாங்கி அழுக்குத் தளத்தில் உட்கார வைப்பது, பட்டுப்புடவையை ஈரக் கொடியில் போடுகிற மாதிரி.

கோனிக்கல் பர் எந்திரங்களுக்கு, 63 மி.மீ. பர் கொண்ட நிச் ஸீரோ போன்றவற்றுக்கு, இந்தக் கட்டுரையின் பாதி பொருந்தாது. கூம்பும் வளையமும் சேரும் அந்த அமைப்பில் சாய்வைவிட மையம் விலகுவதுதான் கவலை. வளையத்தின் அடியைத் துடைத்து, ஸ்க்ரூக்களைச் சமமாக முடுக்கி, கையால் சுற்றிப் பார்த்து உரசல் சத்தம் சீராக இருந்தால் விட்டுவிடலாம். இனி பேசுவது தட்டை பரைப் பற்றி மட்டும்.

வாங்கும் முன் ஒரு விஷயம். அமெரிக்காவிலிருந்து உறவினர் கொண்டுவரும் எந்திரம் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸுக்குச் செய்யப்பட்டிருக்கலாம். ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வோல்ட்டைச் சரிசெய்யும், ஹெர்ட்ஸைத் தொடாது. சாதாரண ஏசி இண்டக்‌ஷன் மோட்டார் நம் 50 ஹெர்ட்ஸில் ஆறில் ஒரு பங்கு மெதுவாக ஓடும், கூடுதலாகச் சூடாகும். 100–240 வோல்ட் என்று பட்டையில் எழுதியிருக்கும் பிரஷ்லெஸ் மோட்டார் எந்திரங்களுக்கு இந்தத் தலைவலி இல்லை.

ஃபாயிலை எடுக்கும் முன்

பலரும் பெட்டியைப் பிரித்த அன்றே மார்க்கரும் ஃபாயிலுமாக உட்கார்ந்துவிடுகிறார்கள். அதற்கு முன் மூன்று சோதனைகள் இருக்கின்றன. இவற்றில் தேறாத எந்திரத்துக்கு ஃபாயில் வைப்பது வீண் வேலை.

பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள், சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. மேல் பர் தாங்கியைக் கழற்றி, சுழலும் கீழ்ப் பரின் தாங்கியை இரண்டு கையாலும் பிடித்து இடவலமாகவும் மேலும் கீழுமாகவும் ஆட்டிப் பாருங்கள். கையில் ஆட்டம் தெரிந்தால் பேரிங் தளர்ந்திருக்கிறது, அல்லது தாங்கியைத் தண்டில் பிடிக்கும் போல்ட் தளர்ந்திருக்கிறது. போல்ட் என்றால் முடுக்கிவிடலாம். பேரிங் என்றால் அது சர்வீஸ் வேலை. நிற்காமல் ஆடுகிற தண்டில் 15 மைக்ரானைத் துரத்துவதில் அர்த்தமில்லை.

அடுத்தது சுத்தம். அலைன்மென்ட் கெட்டுவிட்டது என்று தோன்றும் எந்திரங்களில் முதலில் பார்க்க வேண்டியது பரின் அடியில் சிக்கிய காபித் தூளைத்தான். எண்ணெயோடு இறுகிய தூள் 30 மைக்ரானை எளிதாகத் தாண்டும், அது இரண்டு ஃபாயிலுக்குச் சமம். பரைக் கழற்றும் முன் எந்த ஸ்க்ரூத் துளை எந்தப் பக்கம் இருந்தது என்று தாங்கியிலும் பரின் ஓரத்திலும் மார்க்கரால் ஒரு புள்ளி வையுங்கள். பரின் அடியையும் தளத்தையும் ஐசோபிரோப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடையுங்கள். துடைத்த பிறகு விரல் நகத்தைத் தளத்தின் மேல் மெல்ல ஓட்டுங்கள். ஸ்க்ரூத் துளையின் விளிம்பில் எழும்பிய பிசிறு, தளத்தில் வழிந்த பெயிண்ட், அச்சு வார்த்த மேடு எல்லாம் கண்ணுக்குத் தெரியாது, நகத்துக்குத் தெரியும். பிசிறை மட்டும் நைசான உப்புத்தாளால் எடுக்கலாம். தளம் முழுவதையும் தேய்த்துச் சமப்படுத்தும் வீடியோக்களைப் பார்த்துவிட்டு அதில் இறங்க வேண்டாம். ஃபாயிலைத் திரும்ப எடுத்துவிட முடியும், தேய்த்த அலுமினியத்தை ஒட்ட முடியாது.

மூன்றாவது, திரும்பத் திரும்ப அதே நிலைக்கு வருகிறதா என்ற சோதனை. மேல் தாங்கியை மாட்டி, கீழே சொல்லும் மார்க்கர் சோதனையைச் செய்யுங்கள். எதையும் மாற்றாமல் கழற்றி மாட்டி இன்னொரு முறை செய்யுங்கள். இரண்டு முறையும் மை அழிந்த இடம் ஒன்றாக இருந்தால் மேலே போகலாம். இடம் மாறினால் மரையில் தளர்வு இருக்கிறது, தாங்கி ஒவ்வொரு முறையும் வேறு சாய்வில் உட்காருகிறது. விலை குறைந்த எந்திரங்களில் பிளம்பர்கள் பயன்படுத்தும் டெஃப்லான் டேப்பை ஆண் மரையில் ஒன்றிரண்டு சுற்றுச் சுற்றினால் இந்தத் தளர்வு பெரும்பாலும் அடங்கும். டேப்பை மரை முடுக்கும் திசையிலேயே சுற்ற வேண்டும். எதிர்த்திசையில் சுற்றினால் முதல் திருகலிலேயே உரிந்து அரவை அறைக்குள் விழும்.

மரையைப் பற்றி ஒரு வார்த்தை. மேல் பரை ஏற்றி இறக்கும், கோடு போட்ட வளையமான காலரை மாட்டும்போது முதலில் கழற்றும் திசையில் மெல்லத் திருப்புங்கள். மரைத் தொடக்கங்கள் ஒன்றோடொன்று சேரும்போது லேசாக ஒரு 'டிக்' கையில் தெரியும். அங்கிருந்து முடுக்குங்கள். மரை மாறிப் பிடித்தால் மெல்லிய அலுமினிய மரை ஒரு திருகலில் போய்விடும்.

மார்க்கர் சோதனை

ஒயிட்போர்டு மார்க்கர் போதும். பெர்மனென்ட் மார்க்கர் வேலை செய்யாமல் இல்லை, துடைக்கும்போது ஆல்கஹால் கூடுதலாகக் குடிக்கும். பரின் வெளிவிளிம்பில் பற்களின் தட்டையான உச்சி இருக்கிறதே, அங்கே சுற்றிலும் மெல்லிதாக ஒரே ஒரு கோட்டை இழுத்து அரை நிமிடம் காயவிடுங்கள். தடிமனாகப் பூசினால் மையே சில மைக்ரான் ஆகிவிடும். ஒரு நேரத்தில் ஒரு பருக்கு மட்டும் பூசுங்கள். இரண்டுக்கும் பூசினால் ஒன்றின் மை மற்றொன்றில் ஒட்டிக் குழப்பும்.

மாட்டியபின் கீழ்ப் பரைக் கையால் சுற்றிக்கொண்டே மேல் பரைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்குங்கள். உரசல் சத்தம் முதலில் கேட்கும் கோட்டைக் குறித்துக்கொள்ளுங்கள். அதுதான் உங்கள் ஸீரோ. அங்கிருந்து அரைக் கோடு மட்டும் நெருக்கி, கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றுங்கள். கை கனத்தால் நிறுத்திவிடுங்கள். மோட்டாரைப் போட்டு இதைச் செய்யக் கூடாது. கையால் உரசினால் பல்லுக்கு ஒன்றும் ஆகாது. மோட்டார் வேகத்தில் உரசினால் உச்சி மழுங்கும். பிறகு நன்றாகத் தளர்த்தி, திறந்து பாருங்கள்.

மை சுற்றிலும் அழிந்திருந்தால் அந்தப் பர் நேராக இருக்கிறது. ஒரு பக்கம் மட்டும் அழிந்திருந்தால் அந்தப் பக்கம் மேடு, மை அப்படியே இருக்கும் பக்கம் பள்ளம். இங்கே ஒரு குழப்பம் எல்லோருக்கும் வரும்: மேல் பரில் தெரிவது மேல் பரின் சாய்வா, கீழ்ப் பரின் சாய்வா? மேல் பரின் சாய்வுதான். கீழ்ப் பர் எவ்வளவு கோணியிருந்தாலும் அதன் மேடு சுற்றி வந்து மேல் பரின் ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு முறை முகம் காட்டிவிடும். எல்லா இடத்துக்கும் சம வாய்ப்புக் கொடுத்தும் ஒரு பக்கம் மட்டும் உரசியிருந்தால் தவறு மேல் பரில்தான். திருப்பிப் போட்டால் கீழ்ப் பருக்கும் இதே நியாயம். ஆகவே இரண்டையும் தனித்தனியாகச் சோதித்து, தனித்தனியாகச் சரிசெய்யலாம்.

சத்தமும் துப்புக் கொடுக்கும். கையால் மெல்லச் சுற்றும்போது சுற்றுக்கு ஒரு முறை 'சர்ர்' என்று வந்து மறைந்தால் இரண்டு பரும் சாய்ந்திருக்கின்றன. மேடும் மேடும் சந்திக்கும்போது மட்டும் சத்தம் வருகிறது. சுற்று முழுவதும் சத்தம் விடாமல் வந்தால் ஒன்றாவது நேராக இருக்கிறது. எது என்பதை மார்க்கர்தான் சொல்லும். சத்தம் ஒரே சீராக இருக்கிறது, ஆகவே அலைன்மென்ட் சரி என்று முடிவு கட்டுவது பொதுவான தவறு.

சாய்வு எத்தனை மைக்ரான் என்று தெரிய, உங்கள் கோட்டின் மதிப்பைக் கணக்கிட்டு வைத்துக்கொள்ளுங்கள். காலர் ஒரு முழுச் சுற்றில் எவ்வளவு இறங்குகிறதோ, அதை ஒரு சுற்றில் உள்ள கோடுகளால் வகுத்தால் போதும். அந்த இறக்கம், அதாவது மரை பிட்ச், 1.5 மி.மீ., கோடுகள் 90 என்றால் ஒரு கோடு ஏறக்குறைய 17 மைக்ரான். முதல் உரசலிலிருந்து ஒரு கோட்டுக்குள் இரண்டு பரிலும் மை முழு வட்டமாக அழிந்துவிட்டால், சாய்வு ஏறக்குறைய ஒரு ஃபாயில் தடிமனுக்குள் வந்துவிட்டது.

நுண்ணிய ஏற்ற இறக்கத்தை முள்ளால் காட்டும் டயல் கேஜ் இருந்தால் இன்னும் நல்லது. அம்பத்தூர், கோவை லேத் பட்டறைகளில் இது அன்றாடச் சாமான். 0.01 மி.மீ. காட்டும் சாதாரண டயலே முதல் கட்டத்துக்குப் போதும். கிரைண்டர் உடல் பெரும்பாலும் அலுமினியம் என்பதால் காந்த ஸ்டாண்ட் அதில் ஒட்டாது. கிரைண்டரையும் ஸ்டாண்டையும் சேர்த்து ஒரு கனமான இரும்புத் தகட்டின் மேல் வைக்க வேண்டும். டயலின் முனையைப் பரின் பற்களில் வைத்தால் முள் துள்ளும். பரைக் கழற்றிவிட்டு அது உட்காரும் தளத்தில் வைத்து, தண்டைக் கையால் சுற்றி, முள் அதிகபட்சம் எங்கே, குறைந்தபட்சம் எங்கே என்று குறியுங்கள்.

காசில்லாத ஷிம்

உயரத்தைச் சரிசெய்ய அடியில் வைக்கும் மெல்லிய தகட்டுக்குப் பெயர் ஷிம்; நமக்கு அது ஃபாயில் துண்டு. ஃபாயிலுக்கு முன் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. பரில் மூன்று ஸ்க்ரூத் துளைகள் இருந்தால் அதை மூன்று நிலைகளில் மாட்டலாம். பரைக் கழற்றி 120 டிகிரி திருப்பி மாட்டி மறுபடி மார்க்கர் சோதனை செய்யுங்கள். மேடு பரோடு சேர்ந்து நகர்ந்தால் பரின் தடிமனே ஒரு பக்கம் கூடுதல். மேடு தாங்கியின் அதே பக்கத்தில் நின்றுவிட்டால் தவறு தளத்தில். கொஞ்சம் இதுவும் கொஞ்சம் அதுவும் என்றால் மூன்று நிலைகளில் ஏதோ ஒன்றில் பரின் மேடு தளத்தின் பள்ளத்தில் உட்கார்ந்து இரண்டும் பெருமளவு கழிந்துவிடும். மூன்று நிலைகளையும் பார்த்துச் சிறந்ததை வைத்துக்கொண்டால், பாதி நேரம் ஃபாயில் வேலையே சிறிதாகிவிடும். இந்த அரை மணி நேரத்தைத் தாண்டிக் குதித்துப் பலரும் நேராக ஃபாயிலுக்குப் போய், நான்கு அடுக்கு வைத்துக்கொண்டு அல்லாடுகிறார்கள்.

எதிரெதிராக இரண்டு பக்கம் அழிந்து நடுவில் இரண்டு பக்கம் மை நிற்கிறது என்றால் அது சாய்வு அல்ல, வளைவு. ஸ்க்ரூவை ஒரு பக்கம் அளவுக்கு மீறி முடுக்கியிருக்கலாம், அடியில் தூள் இருக்கலாம், பரே வளைந்திருக்கலாம். தடிமனான கண்ணாடியில் பரைக் குப்புற வைத்து விளிம்பை மாறி மாறி அழுத்துங்கள். ஆடினால் பரை மாற்றித்தரச் சொல்லிக் கேட்பதே வழி.

ஃபாயில் வைப்பது

சுருக்கமில்லாத புதிய ஃபாயிலிலிருந்து 5 மி.மீ.க்கு 8 மி.மீ. துண்டு வெட்டுங்கள். கத்தரிக்கோல் விளிம்பைச் சுருட்டும். பிளேடும் ஸ்கேலும் கொண்டு கண்ணாடி மேல் வெட்டினால் தட்டையாக வரும். கசங்கிய துண்டு மூன்று மடங்கு தடிமனாக நடந்துகொள்ளும், ஸ்க்ரூவை முடுக்க முடுக்க அமுங்கி அளவும் மாறும்.

துண்டை வைப்பது மை அழியாத பக்கத்தில், ஸ்க்ரூத் துளைக்கு ஒட்டி, பருக்கும் தளத்துக்கும் இடையில். பள்ளம் சரியாக ஒரு ஸ்க்ரூவின் பக்கம் இருந்தால் அதன் கீழ் ஒரு துண்டு; இரண்டு ஸ்க்ரூக்களுக்கு நடுவில் இருந்தால் இரண்டின் கீழும் ஒவ்வொன்று. துளியூண்டு உணவுத்தர கிரீஸ் தொட்டு ஒட்டினால் மாட்டும்போது நழுவாது. 64 மி.மீ. பரில் ஸ்க்ரூ வட்டம் வெளிவிளிம்புக்குக் கொஞ்சம் உள்ளே இருப்பதால், 16 மைக்ரான் ஃபாயில் விளிம்பை ஏற்றுவது 18 மைக்ரான் பக்கம் இருக்கும். ஒரு துண்டு வைத்ததும் மேடு எதிர்ப்பக்கம் தாவிவிட்டால் சாய்வு ஒரு ஃபாயிலைவிடக் குறைவு என்று பொருள். எடுத்துவிட்டு நிம்மதியாகக் காபி குடிக்கலாம்.

ஸ்க்ரூ முடுக்கும் முறையில்தான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். ஒன்றை முழுக்க முடுக்கிவிட்டு அடுத்ததுக்குப் போனால் பர் அந்தப் பக்கம் கடித்துக்கொண்டு நிற்கும். மூன்றையும் கையால் தொடும் வரை இறக்குங்கள். பிறகு ஆலன் கீயால் கால் திருகு வீதம் மாறி மாறி, மூன்றும் சமமாக இறுகும் வரை முடுக்குங்கள். கீயின் குட்டைக் கையை இரண்டு விரலால் பிடித்து முடுக்கும் பலம் போதும். ஒவ்வொரு சோதனைக்கும் இதே முறை, இதே வரிசை. முடுக்கும் பலம் மாறினால் முடிவும் மாறும், ஃபாயில் மேல் பழி விழும்.

எந்தப் பர், எந்த ஸ்க்ரூ, எத்தனை துண்டு, மை எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை அழிந்தது என்று கடிகார முகமாக ஒரு தாளில் வரைந்துகொண்டே போங்கள். ஐந்தாறு சுற்றில் முடிய வேண்டும். பத்தாவது சுற்றிலும் மேடு ஓடி ஒளிந்து விளையாடினால் ஃபாயிலை எல்லாம் எடுத்துவிட்டு, முதல் மூன்று சோதனைகளுக்குத் திரும்புங்கள். எங்கோ தூளோ ஆட்டமோ இருக்கிறது.

எங்கே நிறுத்துவது? 60 மைக்ரான் சாய்வை 20க்குக் கொண்டுவந்தால் எஸ்பிரெஸ்ஸோவில் நாக்குக்கே தெரியும். 20ஐ 5 ஆக்கினால் தெரிவது பெரும்பாலும் மனத்துக்கு. அதற்காக ஞாயிற்றுக்கிழமையைத் தியாகம் செய்பவர்களைத் தடுக்க முடியாதுதான்.

அலைன் செய்த பிறகு

பழைய எண்களை மறந்துவிடுங்கள். ஸீரோ மாறியிருக்கும், முன்பு மேடு முட்டிய இடம் இப்போது இல்லை. பழைய கொட்டை 40, 50 கிராம் அரைத்துத் தள்ளிவிட்டு, புதிய ஸீரோவிலிருந்து எண்ணி அமைப்பைத் தேடுங்கள். 18 கிராம் தூளில் 36 கிராம் காபி 25 முதல் 30 நொடிக்குள் இறங்கும் இடமே தொடக்கப் புள்ளி. புது பர் என்றால் முதல் சில கிலோவுக்கு இந்த எண் நகர்ந்துகொண்டே இருக்கும். பல்லின் கூர்முனைகள் அடங்கிய பிறகு நிலைக்கும். அதைச் சீக்கிரம் அடக்கிவிடலாம் என்று பச்சரிசியைப் போட்டு அரைக்காதீர்கள். அரிசி காபிக்கொட்டையைவிடக் கடினம், மோட்டார் திணறும்.

நம் பித்தளை ஃபில்டருக்கு இந்த எந்திரத்தில் அரைப்பவர்களுக்கு ஒரு ஏமாற்றம் காத்திருக்கிறது. கடைத் தூளைப் பார்த்து அதே பருமனுக்கு அரைத்தால் டிகாக்‌ஷன் மடமடவென்று இறங்கி நீர்த்துப்போகும். கடை அரவையில் மாவு நிறைய இருக்கும், சிக்கரி வேறு தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். நேராக உட்கார்ந்த தட்டை பரில் மாவு குறைவு, சிக்கரியும் இல்லை. ஆகவே கண்ணுக்குத் தோன்றுவதைவிட இரண்டு மூன்று கோடு நைசாக வைத்து, சொட்டும் வேகத்தைப் பார்த்துப் பிடிக்க வேண்டும். சிக்கரி கலந்தே ஆக வேண்டும் என்றால் தூளாக வாங்கிப் பிறகு கலக்குங்கள். வறுத்த சிக்கரி ஈரத்தை இழுத்துப் பிசுபிசுக்கும். பரின் பள்ளங்களில் பாகு போல அப்பிக்கொண்டால் அதை எடுக்க அரை நாள் ஆகும்.

அரைக்கும் முன் கொட்டைமேல் ஒன்றிரண்டு முறை தண்ணீர் ஸ்ப்ரே அடிப்பது வெறும் சடங்கல்ல. ஒரிகன் பல்கலைக்கழகத்தின் கிறிஸ்டோபர் ஹெண்டனும் அவரோடு வேலை செய்தவர்களும் 2023 டிசம்பரில் 'மேட்டர்' ஆய்விதழில் இதை வெளியிட்டார்கள். கொட்டையின் ஈரம் அரவையில் உண்டாகும் மின்னூட்டத்தைக் குறைக்கிறது. தூள் கட்டிப்படாமல் விழுவதால் எஸ்பிரெஸ்ஸோவில் கூடுதலாகச் சாறும் இறங்குகிறது. அதற்காகக் கொட்டை பளபளக்கும் அளவு நனைக்கக் கூடாது. கடலோர ஊர்களில் நனைந்த தூளை உள்ளே விட்டுவைத்தால் பூச்சு இல்லாத எஃகுப் பரில் துரு பிடிக்கும்.

அதே ஹெண்டன் இடம்பெற்ற இன்னொரு குழு 2016இல் காட்டியது இன்னொன்று: குளிர்ந்த கொட்டை நைசாக அரைபடும். ஃப்ரீசரில் வைப்பவர்கள் எப்போதும் ஃப்ரீசரிலிருந்தே அரைக்க வேண்டும். இன்று குளிராக, நாளை அறை வெப்பத்தில் என்றால் ஷாட் நேரம் தள்ளாடும், பழி மறுபடியும் அலைன்மென்ட் மேல் விழும். 18 கிராம் பொட்டலங்களாக உறைய வைத்து, பிரித்த உடனே அரைத்தால் நம் ஊர் ஈரக்காற்றில் கொட்டைமேல் நீர் கோர்க்க நேரம் இருக்காது.

பருக்கு நிஜமான எமன் கல். மாதம் ஒரு கிலோ அரைக்கும் வீட்டில் பர் தேய்ந்து போவதற்குப் பல வருடங்கள் ஆகும், ஒரு சிறு கல் ஒரு நொடியில் பல்லை உடைத்துவிடும். களத்தில் உலர்த்திய கொட்டையில் கல் வர வாய்ப்பு உண்டு. எடை போடும்போதே தட்டில் பரப்பி, அரிசியில் கல் பொறுக்குகிற மாதிரி ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். அரைக்கும்போது 'டக்' என்று கேட்டு மோட்டார் தடுமாறினால் உடனே அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, திறந்து பாருங்கள். அம்மி மழுங்கினால் கொத்துகிறவரைக் கூப்பிட்டுக் கொத்திக்கொள்ளலாம், உடைந்த பர் பல்லுக்கு அந்த வசதி கிடையாது.

மாதம் ஒரு முறை சுத்தம் செய்யும்போது பரைத் தாங்கியிலிருந்து கழற்ற வேண்டாம். மேல் தாங்கியை அப்படியே வெளியே எடுத்து, காய்ந்த பிரஷால் பற்களையும் மரையையும் வெளியேறும் வாயையும் தட்டி, கேமராவுக்கு வைத்திருக்கும் கைப் புளோயரால் ஊதினால் போதும். மரையில் ஒட்டிய தூளை விட்டுவிட்டு மாட்டினால் தாங்கி கோணி உட்காரும். என்றாவது பரையே கழற்ற நேர்ந்தால் முதலில் ஃபோட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். ஃபாயில் துண்டுகள் பரின் அடியில் ஒட்டிக்கொண்டு வரும், துடைக்கும் துணியோடு போய்விடும். எது எங்கே இருந்தது என்பது அந்த ஃபோட்டோவிலும், கடிகார முகமாக வரைந்த தாளிலும் மட்டும்தான் மிச்சம் இருக்கும்.